கையை இறக்கச் சொன்னது யார்

பர்பேங்க்
ஏப்ரல் 6, 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஏரியில் பனி உடைந்து கப்பல் கிளம்பிவிட்டது என்று அம்மா சொன்னாள். இந்த வருஷமும் கப்பல் அடுப்படியில் இருபத்திரண்டு வயிற்றுக்கு மூன்று வேளையும் நீதான் படியளக்கிறாய் போலிருக்கிறது. நான் சௌக்கியம்.

போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதுகிறானே என்று புருவத்தைத் தூக்காதே. ஸ்டூடியோவில் ஒரு படத்தைப் பற்றி வெளியே மூச்சுவிட மாட்டேன் என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். போன், மின்னஞ்சல் எதையும் நம்ப முடியாது. டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகுக்காரன் உன் கப்பலுக்கு வாளியில் கட்டி மேலே ஏற்றிவிடும் கடிதத்தை எவன் படிக்கப் போகிறான்?

விஷயம் இதுதான். பன்னிரண்டு வருஷமாக அடுத்தவன் கதைக்குக் கட்டம் கட்டமாக ஸ்டோரிபோர்டு வரைந்தேன். இப்போது என் கதையையே எடுத்துக்கொண்டார்கள். முழுநீள அனிமேஷன் படம். நாயகன் பெயர் ஜூனியஸ். பதினேழு வயது, நம் டெட்ராய்ட் கிழக்குப் பக்கத்துக் கறுப்புப் பையன். நாயகனுக்குத் தோழன் இல்லை, பக்கத்தில் நின்று ஜோக்கடிக்கிறவன் இல்லை, இரண்டாம் பாதியில் செத்துப்போகிறவனும் இல்லை. அவன்தான் நாயகன், அண்ணா.

வேறொன்று. 2003 ஆகஸ்டில் ஊர் முழுக்கக் கரண்ட் போனதே, அன்றைக்கு நீ கிராஷட் ரோடு முக்கில் நடுவே நின்று வண்டிகளை ஒழுங்குபண்ணினாய் அல்லவா? எத்தனை மணிக்கு இறங்கினாய்? கையில் என்ன போட்டிருந்தாய்? அந்த பஸ் டிரைவரிடம் என்ன சொன்னாய்? போலீஸ் வந்ததா? சும்மா ஞாபகத்துக்குத்தான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
லானி


எஸ்தர் கே. கப்பல், ஹ்யூரான் ஏரி
ஏப்ரல் 23

லானிக்கு,

முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. இரத்த அழுத்தம் மட்டும் உன் கடிதத்தைப் படித்த பிறகு கொஞ்சம் ஏறியது. உன் கதையை எடுத்துக்கொண்டார்கள் என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. அன்றைக்குக் கப்பலில் எல்லோருக்கும் பீச் கோப்ளர் இனிப்பு போட்டேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். சொல்லவில்லை. ரகசியம் என்றால் ரகசியம்.

ஆனால் சோழியன் குடுமி சும்மா ஆடாது. நலம் விசாரித்து ஒரு வரி, கேள்வி நாலு. இருபது வருஷமாகக் கேட்காதவன் இப்போது எதற்குக் கேட்கிறான் என்று இரண்டு ஏரி தாண்டும்வரை யோசித்தேன். சரி, கேட்டதற்குப் பதில்.

நாலு மணி சுமாருக்கு, நான் அப்போது சமைத்துக்கொண்டிருந்த டைனரில் மின்விசிறி நின்றது. அடுப்பு கேஸ் அடுப்பு, முட்டை பாட்டுக்கு வெந்துகொண்டிருந்தது. வெளியே பிரேக் சத்தம். எட்டிப் பார்த்தால் சிக்னல் செத்துக் கிடக்கிறது, நாலு பக்கமும் நான் முந்தி நீ முந்தி என்று வண்டிகள். நடுவில் ஒருத்தி துணி மூட்டைத் தள்ளுவண்டியோடு மாட்டிக்கொண்டு நிற்கிறாள். ஏப்ரனோடு அப்படியே போனேன். கையில் அடுப்புக்குப் போடுகிற வெள்ளை உறை, கழற்ற மறந்துவிட்டேன். அதுவும் நல்லதுக்குத்தான், தூரத்திலிருந்தே தெரிந்தது. பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, “உன்ன யாருய்யா இங்க நிக்கச் சொன்னது?” என்றார். “யாரும் சொல்லல. நீ நில்லு, அந்தம்மா போகட்டும்” என்றேன். நின்றார். அப்படியே ஏழு மணி நேரம். போலீஸ் ஒரு தடவை வந்தது, கையசைத்துவிட்டுப் போய்விட்டது. அவ்வளவுதான்.

இப்போது என் கேள்வி. உன் ஜூனியஸுக்குக் கரண்ட் கொடுத்திருக்கிறாயா? கறுப்புப் பையன் என்றாலே இந்தக் கார்ட்டூன்காரர்களுக்கு அவன் கையில் மின்னல் வைக்காமல் தூக்கம் வராது. நம் தெருவில் விளக்கே எரிந்ததில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

கார்லண்ட்


பர்பேங்க்
மே 12

அன்புள்ள அண்ணா,

உன் இரத்த அழுத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றப் போகிறேன், மாத்திரையைப் போட்டுக்கொண்டு படி.

ஆமாம். படத்தின் முதல் காட்சியே கிராஷட் ரோடு முக்குதான். ஊரில் விளக்கில்லை. ஜூனியஸ் வெள்ளை உறையோடு நடு ரோட்டுக்கு வருகிறான், ஒரு கையைத் தூக்குகிறான், லாரி நிற்கிறது. அவன் சக்தியே அதுதான். எதையும் அடிப்பதில்லை, உடைப்பதில்லை. நில் என்றால் நிற்கும். கரண்ட் கிடையாது. அம்மா மேல் சத்தியமாகக் கிடையாது.

உன்னை முதலில் கேட்டிருக்கவேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாயோ என்று பயம். மன்னித்துக்கொள்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வரைந்தவனே கட்டங்களைப் பலகையில் வரிசையாகக் குத்தி, எழுந்து நின்று, எல்லோர் குரலிலும் தானே பேசி நடித்துக் காட்டவேண்டும். லாரியும் நானே, ஹாரனும் நானே, துணிவண்டிப் பெண்ணும் நானே. டைரக்டர் ஹோல்ப்ரூக் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார், அவர் முகத்தில் எதுவும் தெரியாது. நான் கையைத் தூக்கியதும் கொறிப்பதை நிறுத்தினார். முடிந்ததும் அறையிலிருந்த பதினாலு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அந்தக் கட்டத்தின் நகல் ஒன்றை மடித்து வைத்திருக்கிறேன். யாருக்கும் காட்டாதே.

உன் அன்புத் தம்பி
லானி


எஸ்தர் கே., சுப்பீரியர் ஏரி
ஜூன் 3

தம்பி லானிக்கு,

மாத்திரை போட்டுக்கொண்டேன். இரண்டாம் சமையல்காரன் வெண்டலுக்கு மட்டும் படத்தைக் காட்டினேன். அவன் வாய் ஓட்டை வாய், ஆனால் நடு ஏரியில் யாரிடம் போய் ஓட்டுவான்? “ஹீரோ கைல அடுப்பு உறையா? அப்ப வில்லன் கைல என்ன, தோசைக் கரண்டியா?” என்றான். பிறகு ரொம்ப நேரம் படத்தையே பார்த்தான். “இவன் யாரையும் திரும்பிப் பாக்கல, கவனிச்சீங்களா? நேரா முன்னாடி பாக்குறான்” என்றான். வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன்.

கேட்காமல் எடுத்தது தப்பு. படம் நன்றாக இருப்பதால் தப்பு சரியாகிவிடாது. இருந்தாலும் எடுத்தது என் தம்பி.

நீ அந்தக் கைதட்டலைப் பற்றி எழுதியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. போன வருஷம் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்தான். நான் வைத்த இறைச்சிக் குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான், தோளில் தட்டினான், “இந்தக் கப்பலோட உசுரே உங்க கிச்சன்தான்” என்றான். அடுத்த வாரம் என் கிச்சனின் மூன்றாவது ஆளை வேலையைவிட்டு இறக்கிவிட்டார்கள். பதினாலு பேர் எழுந்து நின்று தட்டுகிறார்கள் என்றால் பதினாலு பேருக்கும் மனதில் ஆளுக்கொரு திருத்தம் இருக்கிறது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்.

வெண்டல் உன்னை விசாரித்தான்.

கார்லண்ட்


பர்பேங்க்
ஜூலை 20

அன்புள்ள அண்ணா,

பதில் தாமதம். வேலை இடுப்பை ஒடிக்கிறது. நீயும் வெண்டலும் சுகம்தானே?

சில மாற்றங்கள் வந்திருக்கின்றன, எல்லாம் தற்காலிகம். ஹோல்ப்ரூக் சொன்னார்: “இந்தப் பையன் ரொம்ப நிச்சயமா இருக்கான் லானி. யாரையும் கேக்காம ரோட்டுல இறங்குறான். பாக்குறவங்களுக்கு அவனப் பிடிக்கணும்ல?” அதனால் அவனுக்கு வழிகாட்ட ஒரு புறா சேர்த்திருக்கிறார்கள். பேசும் புறா. அது சொல்லித்தான் ரோட்டுக்குப் போகிறான். கையைத் தூக்கி லாரியை நிறுத்துவது திரையில் எடுபடாது என்று மின்னலும் சேர்த்துவிட்டார்கள். சிரிக்காதே. மின்னல் பட்டதும் அவன் உடம்பு முழுக்க நீல ஒளியாக மாறிவிடுகிறான். தொண்ணூறு நிமிஷப் படத்தில் நாற்பது நிமிஷம் முகம் தெரியாது. அதையும் குறைப்பார்கள் என்று நினைக்கிறேன்.

போராடிக்கொண்டுதான் இருக்கிறேன். முக்குக் காட்சியை மட்டும் காப்பாற்றிவிடுவேன்.

ஸ்டூடியோ வக்கீலம்மா உனக்கு ஒரு படிவம் அனுப்புவார். வெறும் சம்பிரதாயம்.

லானி


எஸ்தர் கே., ஈரி ஏரி
ஆகஸ்ட் 9

லானிக்கு,

நாங்கள் சுகம். வெண்டலுக்குப் பல்வலி.

வாளியில் உன் வக்கீலம்மாவின் தபால் உறை ஏறி வந்தது. வெறும் சம்பிரதாயம் பதினோரு பக்கம் இருக்கிறது. நான் மாவு மூட்டை வந்தாலே பிரித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன். படித்தேன். மூன்றாம் பக்கத்தில், அன்றைய சம்பவத்தை அவர்கள் எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம், கூட்டலாம், குறைக்கலாம், நான் எந்தக் காலத்திலும் வாய் திறக்கக்கூடாது என்று இருக்கிறது. என் ஏழு மணி நேரத்தை ஒரு புறாவுக்கு எழுதிக்கொடுக்கச் சொல்கிறாய்.

புறா, லானி. நம் ஊர்ப் புறாவைப் பார்த்திருக்கிறாயா? அது சொல்லி நான் ரோட்டைக் கடக்கக்கூட மாட்டேன்.

இன்னொன்று கேட்கிறேன், கோபிக்காதே. உன் கடிதத்தில் வரிக்கு வரி ‘சேர்த்திருக்கிறார்கள்’, ‘சேர்த்துவிட்டார்கள்’, ‘குறைப்பார்கள்’. ‘நான் வரைந்தேன்’ என்று ஓர் இடத்திலும் இல்லை. அங்கே பென்சில் யார் கையில் இருக்கிறது? ஹோல்ப்ரூக் விதை கொறிக்கிறார் என்றுதான் எழுதினாய், வரைகிறார் என்று எழுதவில்லையே. முக்குக் காட்சி இப்போது எப்படி இருக்கிறது? கட்டங்களை அனுப்பு. பார்க்காமல் கையெழுத்து கிடையாது. போனில் கூப்பிடவும் வேண்டாம். போனில் நீ சிரித்து மழுப்பிவிடுவாய், காகிதத்தில் மழுப்பினால் எனக்குத் தெரிந்துவிடும்.

கார்லண்ட்


பர்பேங்க்
செப்டம்பர் 14

அண்ணா,

வெண்டலின் பல் சரியாகிவிட்டதா?

ஆறு கட்டங்கள் வைத்திருக்கிறேன். சுருக்கமாகச் சொல்கிறேன். போலீஸ் வண்டி வருகிறது. ஜூனியஸ் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறான். போலீஸ் கேப்டன் இறங்குகிறாள், கறுப்புப் பெண், கனிவான முகம். அவனைப் பார்த்துத் தலையசைக்கிறாள். அவன் கையை இறக்குகிறான். ஜனங்கள் ஆரவாரம்.

ஹோல்ப்ரூக் கேட்டது இது. “அவனுக்கு யாராவது அனுமதி குடுக்கணும்” என்று ஒற்றைக்காலில் நின்றார். புறாவுக்கு இது எவ்வளவோ மேல். ஜனவரிக்குள் படிவம் போகாவிட்டால் காட்சியையே தூக்கிவிடுவார்கள், காட்சி போனால் படத்தை என்னிடமிருந்து எடுத்து வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். யோசித்துச் செய்.

லானி


எஸ்தர் கே.
செப்டம்பர் 30

லானி,

நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை.

இரண்டாவது கட்டம். கை இரண்டும் மேலே. இடது கையில் உறை இருக்கிறது. வலது கை வெறும் கை. வலது உறை மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில், உள்ளங்கைப் பக்கம் மேலாகக் கீழே கிடக்கிறது.

போலீஸ் கையசைத்துவிட்டுப் போனது என்றுதான் உனக்கு எழுதினேன். அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். வேறு யாரிடமும் வேறு மாதிரி சொன்னதில்லை. அந்த உறை விழுந்தது எனக்கும் வண்டியிலிருந்த இரண்டு பேருக்கும்தான் தெரியும்.

அப்படியானால் உன் வக்கீலம்மா போலீஸ் பழைய பதிவேடுகளைத் தோண்டியிருக்கிறாள். நீ தோண்டச் சொல்லியிருக்கிறாய். ‘போலீஸ் வந்ததா’ என்று ஏப்ரலில் ஒன்றும் தெரியாதவன் மாதிரி கேட்டாயே, அப்போதே கையில் பதிவேட்டை வைத்துக்கொண்டுதான் கேட்டாயா? நான் என்ன பதில் சொல்கிறேன் என்று சோதித்தாயா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு என்னிடம் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கிறாய்.

உன்னை நான்தான் பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். எந்த முகத்தோடு இதை வரைந்தாய்?

கார்லண்ட்


எஸ்தர் கே.
நவம்பர் 2

லானி,

டெட்ராய்டை மூன்று தடவை தாண்டிவிட்டோம். வாளி மூன்று தடவை ஏறி வந்தது. வெண்டலுக்கு அவன் பெண்ணிடமிருந்து இரண்டு கடிதம், எனக்கு மின்சாதனக் கடை விளம்பரம்.

கோபத்தில் எழுதினேன். கோபம் இன்னும் போகவில்லை. ஆனாலும் உயிரோடு இருக்கிறாயா என்று ஒரு வரி எழுது. அம்மா கேட்டால் உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்றுதான் சொல்கிறேன்.

கார்லண்ட்


பர்பேங்க்
நவம்பர் 16

அன்புள்ள அண்ணா,

உயிரோடு இருக்கிறேன். ஏழு தடவை எழுதி ஏழு தடவையும் கிழித்துவிட்டேன்.

வக்கீலம்மா எதையும் தோண்டவில்லை. நான் அங்கே இருந்தேன்.

உனக்கு ஐஸ் தண்ணீர் வாங்க என்னை சலூனுக்கு அனுப்பினாய், ஞாபகம் இருக்கிறதா? ஏழு மணி இருக்கும், வெயில் இன்னும் அடித்தது. கூஜாவோடு திரும்பி வரும்போது போலீஸ் வண்டி குறுக்கே நின்றது. “கையத் தூக்கு. ரெண்டு கையும். தூக்குடா” என்று கத்தினார்கள். நீ தூக்கியதில் உறை விழுந்தது. நான் ரொட்டிக் கம்பெனி வேனுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். பதினாலு வயது, அண்ணா. சட்டையைக் கடித்துக்கொண்டிருந்தேன். “என் அண்ணன்தான், டைனர்ல வேலை பாக்குறாரு” என்று ஒரு வார்த்தை போய்ச் சொல்லியிருக்கலாம். கால் வரவில்லை. போலீஸ் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டதும் எழுந்து ஓடினேன், வீடுவரைக்கும் நிற்கவில்லை. கூஜாவை எங்கே போட்டேன் என்றுகூடத் தெரியாது. ராத்திரி நீ வந்து, போலீஸ் கையசைத்துவிட்டுப் போனது என்று அம்மாவிடம் சொன்னாய். நான் போர்வைக்குள் இருந்தேன். நீ பொய் சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்னொரு பொய்யும் இருக்கிறது. இரண்டு கையையும் தூக்குவது ஹோல்ப்ரூக் சொன்னதில்லை. யாராவது அனுமதி கொடுக்கவேண்டும் என்றுதான் அவர் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து பென்சிலை எடுத்தேன், கை தானாக அதை வரைந்தது. பிறகு நின்றுவிட்டது. நீ எப்படிக் கையை இறக்கினாய் என்று எனக்குத் தெரியாதே. நான்தான் ஓடிவிட்டேனே. தெரியாத இடத்தில் ஒரு கேப்டனை வைத்து நிரப்பினேன். யாராவது தலையசைத்துத்தான் இறக்கியிருப்பாய் என்று நானும் நினைத்திருக்கிறேன். ஹோல்ப்ரூக்குக்கும் எனக்கும் என்ன வித்தியாசம், சொல்லு.

கையெழுத்துப் போடாதே. நான் கேட்டது தப்பு.

லானி


எஸ்தர் கே., டொலீடோ துறைமுகம்
டிசம்பர் 1

என் தம்பிக்கு,

முழங்கால் வலிக்கிறது. இருக்கிற இடத்தில் இருக்கிறது என்று எழுதி மழுப்பியது பொய். நாம் இரண்டு பேரும் நன்றாகத்தான் பொய் சொல்கிறோம்.

நீ இருந்தது எனக்குத் தெரியும். வேனுக்கு அடியில் உன் சிவப்பு ஷூ தெரிந்தது. அந்த ஷூவை நான்தானே வாங்கிக்கொடுத்தேன். ஓடிவிட்டாய் என்றும் தெரியும். இருபத்தொரு வருஷம் நீ ஏதாவது சொல்வாயா என்று பார்த்தேன். போகப் போக, அது உன் ஷூ இல்லையோ, நானே கற்பனை செய்தேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உறையைப் படத்தில் பார்த்ததும் போலீஸ் பதிவேடு என்று கத்தினேனே, அது உன்னைச் சொல்லவைக்கத்தான். அங்கே இருந்தது நீயில்லை என்று சொல்லிவிட மாட்டாயா என்ற ஆசையும் கூடவே இருந்தது. எனக்கு வெட்கம், லானி. உனக்கு முன்னால் அப்படி நின்றது வெட்கம்.

இப்போது மீதியைக் கேள். அவர்கள் ரேடியோவில் என் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். ஊரெல்லாம் கரண்ட் இல்லை, ரேடியோ கரகரவென்றதே தவிர பதில் வரவில்லை. வேறெங்கோ கடையை உடைக்கிறார்கள் என்று ஒரு தகவல் வந்தது. கிளம்பிப் போய்விட்டார்கள். போ என்று சொல்லவில்லை, இறக்கு என்று சொல்லவில்லை, என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நான் கையைத் தூக்கியபடியே நின்றேன். இரண்டு கையும் மேலே இருந்ததால் நாலு பக்கமும் வண்டிகள் நின்றன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாராவது வந்து இறக்கச் சொல்வார்கள் என்று நானும் காத்திருந்தேன், மறைக்க மாட்டேன்.

அப்புறம் உன் ஷூவை நினைத்தேன். பையன் கடைசியாகப் பார்த்தது இதுவாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன். இடது கையை இறக்கி, கிராஷட் பக்கம் நின்ற பஸ்ஸை வா என்று கூப்பிட்டேன். பஸ் வந்தது. உனக்குக் காட்டத்தான் வேன் பக்கம் திரும்பினேன். நீ இல்லை.

குனிந்து உறையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். நீ பார்க்காவிட்டாலும் வண்டிகள் நின்றுகொண்டுதானே இருந்தன. அதற்கப்புறம் நாலு மணி நேரம்.

அவ்வளவுதான் கதை. கேப்டன் இல்லை, புறா இல்லை.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். வக்கீலம்மாவுக்கு அனுப்பவில்லை. உனக்குத்தான் அனுப்புகிறேன். கொடுப்பாயோ, கொடுக்க மாட்டாயோ, படத்தை வைத்துக்கொள்வாயோ, விடுவாயோ, நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நான் சொன்னால் அதுவும் ஒரு தலையசைப்பு ஆகிவிடும்.

பதினாலு வயதில் ஓடியதை மனதில் வைத்துக்கொண்டு அலையாதே. நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன்.

கார்லண்ட்


பர்பேங்க்
டிசம்பர் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க வேலைக்குப் போகவில்லை. முழங்காலுக்கு இந்தத் தடவையாவது டாக்டரைப் பார்.

படிவம் இந்தக் கடித உறைக்குள்ளேயே இருக்கிறது. யாரிடமும் கொடுக்கவில்லை. படம் என் கையைவிட்டுப் போய்விட்டது. ஜூனியஸ் இனிமேல் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு மழைநாளில் மின்னல் அடித்து வீரனாவான். என்னை வேறொரு படத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அணில் துரத்தும் காட்சி. அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். நடந்ததை மட்டும் கேள்.

காட்சியை முழுக்கத் திரும்ப வரைந்தேன். முப்பத்திரண்டு கட்டம், நீ எழுதியபடியே. கேப்டனை எடுத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை பலகையில் குத்தி, பதினாலு பேர் முன்னால் எழுந்து நின்றேன். போலீஸ் குரலில் கத்தினேன். ஜூனியஸாக இரண்டு கையையும் தூக்கினேன். ரேடியோ மாதிரி கரகரத்தேன். வண்டி கிளம்பிப் போகிற சத்தத்தையும் போட்டேன். அடுத்த கட்டத்துக்குப் போகுமுன் ஹோல்ப்ரூக் விரலை உயர்த்தினார்.

“நில்லு லானி. இப்ப அவன் கைய இறக்கலாம்னு யார் சொல்றாங்க?”

“யாரும் சொல்லல.”

“யாராச்சும் சொல்லணுமே.”

அவர்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். கேப்டனைத் திரும்பக் கொண்டுவரலாம் என்றார் ஒருவர். பஸ் டிரைவர் கட்டைவிரலைக் காட்டலாம் என்றார் இன்னொருவர். ஒரு சின்னப் பெண் குழந்தை ஓடிவந்து அவன் கையைப் பிடித்து இறக்கினால் தியேட்டரில் அழுவார்கள் என்றாள் ஒருத்தி. புறாவை மறந்துட்டோமே என்றார் ஹோல்ப்ரூக். எல்லோரும் சிரித்தார்கள். கெட்டவர்கள் இல்லை அண்ணா, நிஜமாகவே நல்ல யோசனை தேடிக்கொண்டிருந்தார்கள். காபி வந்தது. சுவரில் கடிகாரம் எனக்கு நேரே இருந்தது. இருபது நிமிஷம். தோள் மரத்துப்போய் விரல் நுனி குத்த ஆரம்பித்தபோதுதான் உறைத்தது. நான் இன்னும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறேன். அந்த அறையில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. யாராவது ‘போதும்’ என்பார்கள் என்று நின்றிருக்கிறேன்.

இடது கையை முதலில் இறக்கினேன். பிறகு வலது கையை. பலகையிலிருந்து ஊசிகளைப் பிடுங்கி, கட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன். ஹோல்ப்ரூக் என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், “லானி, நாங்க இன்னும் பேசி முடிக்கலையே” என்றார்.

“தெரியும் சார்” என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

தோள் இன்னும் வலிக்கிறது. மற்றபடி சுகம்.

உன் தம்பி
லானி